சத்தான சாப்பாடும் சொத்தைப் பல்லும்: பல் நலம் கேள்வி-பதில்

கேள்வி: டாக்டர், பாக்கெட் உணவுகளை விட்டுவிட்டு முழுத் தானியம், பால், முட்டை, காய்கறி என்று பழைய முறைக்குத் திரும்பினால் சொத்தை தானாகவே ஆறிவிடும் என்று படித்தேன். எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி இருக்கிறது. வலி இல்லை. அடைக்காமல் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். பல்லின் மேல்பூச்சான எனாமலில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள்தான், உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமலில் விழுந்த குழியை இட்டு நிரப்ப உடம்பில் ஆளே இல்லை. வலி இல்லாததை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். சொத்தை நரம்பை நெருங்கிய பிறகுதான் பல் வலிக்கும். அதற்குள் சின்ன அடைப்போடு முடிந்திருக்க வேண்டியது வேர் சிகிச்சை வரை போய்விடும்.

நீங்கள் படித்ததில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. குழி விழுவதற்கு முந்தைய கட்டத்தில் சொத்தையைத் திருப்ப முடியும். பல்லைத் துடைத்து உலர்த்திவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போல மங்கலான வெள்ளைத் திட்டு தெரிந்தால், அங்கே தாது கரையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். சர்க்கரையைக் குறைத்து, ஃபுளோரைடு பேஸ்டால் ஒழுங்காகத் துலக்கினால் சில மாதங்களில் அந்தத் திட்டு கெட்டிப்பட்டுப் பளபளப்பாகும். தடம் மட்டும் தங்கிவிடலாம், அதனால் கெடுதல் இல்லை. குச்சியாலோ ஊசியாலோ அதைக் குத்திப் பார்க்கக் கூடாது. மேல் ஓடு உடைந்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

1920, 30களில் இங்கிலாந்தில் மே மெலன்பி என்ற ஆராய்ச்சியாளர் குழந்தைகளுக்கு வைட்டமின் டி, கால்சியம் நிறைந்த, தானியம் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார். புதுச் சொத்தை குறைந்தது, சில பழைய சொத்தைகள் இறுகின. ‘சொத்தை ஆறும்’ என்று சொல்பவர்கள் அடிக்கடி காட்டுவது இதைத்தான். இறுகுவது என்றால் அரிப்பு நின்று அந்த இடம் கெட்டியாவது. பள்ளம் பள்ளமாகவே இருக்கும். உணவை மாற்றுங்கள், அடைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் முழு உணவுக்கு மாறியவர்களுக்குச் சொத்தை குறைவது எதனால்? கால்சியமா, வைட்டமினா?

பதில்: பெரும்பங்கு, எதைத் தின்பதை நிறுத்தினார்கள் என்பதில் இருக்கிறது. பல்லில் படியும் படலத்தில் வாழும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் படலத்தின் பி.ஹெச். (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) சரியும். 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குள் இன்னொரு பிஸ்கட் தின்றால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே எவ்வளவு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

1940களில் ஸ்வீடனில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான விபெஹோம் விடுதியில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தபோது சொத்தை கொஞ்சம்தான் கூடியது. இடைவேளைகளில் பல்லில் ஒட்டும் டாஃபி கொடுத்தபோது மளமளவென்று ஏறியது. சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகளை வைத்து இதைச் செய்தது பெரும் அநீதி. அந்த மனிதர்களின் பற்களைப் பலிகொடுத்துக் கிடைத்த அறிவு இது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது இன்னும் மோசம்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது ஆஸ்திரேலியாவின் ஹோப்வுட் இல்லம். அங்கே குழந்தைகள் முழுக் கோதுமை ரொட்டி, காய்கறி, பழம், பால், முட்டை, கொட்டைகள் என்றே வளர்ந்தார்கள். சர்க்கரையும் வெள்ளை மாவும் மிக அரிது. சொத்தை வியக்கத்தக்க அளவுக்குக் குறைவாக இருந்தது. வளர்ந்து வெளியேறி, ஊரார் தின்பதைத் தின்னத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்களுக்கும் சொத்தை வந்தது. சிறுவயதுச் சத்து பல்லுக்கு நிரந்தரக் கவசம் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகள் பல் துலக்குவதில் அக்கறை காட்டவில்லை, ஈறு வீக்கம் பலருக்கு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல உணவு சொத்தையைத் தடுத்தது, ஈறைக் காப்பாற்றவில்லை.

சத்துகளுக்கும் பங்கு உண்டு. நன்றாக மெல்ல வேண்டிய உணவு உமிழ்நீரைப் பெருக்கும். பாலாடைக்கட்டி இன்னும் ஒரு படி மேல், உமிழ்நீரோடு கால்சியமும் பாஸ்பேட்டும் தரும். சாப்பாட்டு முடிவில் ஒரு சிறு துண்டு போதும்.

கேள்வி: சர்க்கரையை நிறுத்திவிட்டேன். தேன், பேரீச்சம்பழம், வீட்டிலேயே பிழிந்த பழச்சாறு மட்டும்தான். இவை இயற்கையானவைதானே?

பதில்: பாக்டீரியாவுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தேனையும் பிழிந்த சாற்றையும் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்பட்ட சர்க்கரையோடுதான் கணக்கிடுகிறது. மொத்த ஆற்றலில் இவை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது அதன் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2,000 கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன். ஒரு டம்ளர் சாறே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

பழத்தை முழுதாகத் தின்னுங்கள். பேரீச்சையும் திராட்சை வற்றலும் பல் இடுக்கில் ஒட்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்று தண்ணீர் கொப்பளியுங்கள், மேஜையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கொறிக்க வேண்டாம். இனிப்புப் பானத்தை மணிக்கணக்கில் உறிஞ்சுவதும் அப்படியே. இரண்டு வேளைக்கு நடுவே மூன்று மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் வாயில் படாமல் இருக்கட்டும். இரவில் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்தான், ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் உணவு இடைவெளியை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

கேள்வி: தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் கால்சியத்தைத் தடுக்கிறதாமே?

பதில்: ஓரளவு தடுக்கும். 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்தாலோ, முளைகட்டினாலோ, புளிக்கவைத்தாலோ குறையும். பாலும் காய்கறியும் போதிய அளவு உண்பவர் இதற்காகத் தானியத்தைக் கைவிட வேண்டியதில்லை. நன்றாக வேகவையுங்கள். பெரிய அடைப்பு உள்ள பல்லால் கடினமான கொட்டையைக் கடித்தால் பல் பிளந்துபோகும்.

கேள்வி: காலையில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் குடிக்கத் தொடங்கியதிலிருந்து பல் கூசுகிறது. உணவு மாறியதால் பேஸ்டையும் விட்டுவிட்டேன்.

பதில்: இரண்டையும் மாற்றுங்கள். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2 முதல் 3க்குள். பாக்டீரியா துணை இல்லாமலே எனாமலை அது நேரடியாக அரிக்கும். நிறுத்த மனம் வராவிட்டால் சாப்பாட்டோடு ஒரே மூச்சில் குடித்து முடித்து, வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே துலக்காதீர்கள், மென்மையாகிப்போன மேற்பரப்பு பிரஷ்ஷில் தேய்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழியட்டும்.

பெரியவர்களுக்கு 1,350 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். துப்பிவிட்டு வாய் அலசாமல் விடுங்கள், அலசினால் ஃபுளோரைடு வெளியே போய்விடும். குழந்தைகளுக்கு 1,000 பி.பி.எம். போதும்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வையுங்கள், படலம் அங்கேதான் தங்கும். காரட்டோ ஆப்பிளோ கடித்தால் அந்த இடம் சுத்தமாகாது. இரண்டு வாரம் இப்படிச் செய்தும் கூச்சம் போகாவிட்டாலோ, வலி இரவில் எழுப்பினாலோ, பல்லைக் காட்டுங்கள்.