நிலக்கரி வேலை போய்விடுமோ என்று நகையை மறுபடி அடகு வைக்கலாமா?

கேள்வி: மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 19 ஆண்டுகளாக நிலக்கரி இறக்கும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன், மாதம் 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. காற்றாலையும் சோலாரும் பெருகிவிட்டதால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். மனைவியின் 12 பவுன் நகை மீது 4,50,000 ரூபாய் கடன் உள்ளது. அதன்மேல் இன்னும் 2,00,000 வாங்கிக் கொடுத்தால் தன் சோலார் தொழிலில் பங்கு தருவதாகப் பெருந்துறை மைத்துனர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. நெய்வேலியில் 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டது. மேட்டூரின் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் பழையவைதான். ஒரே கேன்டீனில் தேநீர் குடித்தாலும், நிரந்தர ஊழியர் மாறுதல் உத்தரவை எதிர்பார்க்கலாம், உங்களுக்கு அந்த உத்தரவு வராது என்பதால், உடுமலைக் காற்றாலைகளைப் பற்றிய பேச்சு அவர் காதில் செய்தியாகவும் உங்கள் காதில் மிரட்டலாகவும் விழுகிறது. ஆயினும் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 2024-25-இல்தான் 100 கோடி டன்னைத் தாண்டியது. நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்க அரசு வைத்திருக்கும் கெடு 2070. பொழுது சாய்ந்தபின் சோலார் தராத மின்சாரத்தை யாராவது தந்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தோடு வந்த அடகுச் சீட்டுகளே என்னை அதிகம் கவலைப்படுத்தின. 2021-இல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 1,60,000 ரூபாயில் தொடங்கிய கடன் அது. ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டி, பவுன் விலை ஏறியதைக் காட்டிக் கூடுதலாக வாங்கி, அதே நகையைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். விலை ஏற்றத்தின் பலன் முழுவதும் நிதி நிறுவனத்துக்கே போகிறது. மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டியில் இப்போதே சுமார் 5,600 ரூபாய் போகிறது; மைத்துனருக்கும் சேர்த்தால் 8,100, அதாவது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நிலையம் மூடும் முன்பே நகை மூழ்கிவிடும்.

பவுனைக் குறைத்து 80,000 என்று வைத்தாலும் ஆறு பவுனை விற்றால் 4,80,000 வரும். கடனை அடைத்து மீதி ஆறை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மிச்சமாகும் 5,600-ஐ அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், இரண்டே ஆண்டில், வட்டி நீங்கலாகவே, ஏறத்தாழ ஐந்தரை மாதச் சம்பளம் கையிருப்பாகும். ஒப்பந்ததாரர் மாறியபோதெல்லாம் உங்கள் வருங்கால வைப்பு நிதி ஒரே கணக்கில் சேர்ந்ததா என்பதையும் இந்த வாரமே பாருங்கள்.

சோலார் என்ற சொல்லைக் கேட்டாலே பணம் போடத் துடிப்பது இப்போதைய மோகம். வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் பொருத்துவதற்கான 78,000 ரூபாய் மத்திய மானியம் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. பொருத்துபவர் தம் பணத்தை அவரிடம் வசூலிக்க வேண்டும். அந்த வசூல் இழுத்தால் உங்கள் 2,00,000-உம் இழுக்கும். மைத்துனருக்கு உதவ விரும்பினால் வார விடுமுறையில் கூலிக்குப் போய்த் தகடு பொருத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

மறுப்பதற்குச் சங்கடமாக இருந்தால் அடகுச் சீட்டுகளை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்; நகை அவருடையது, தம்பியிடம் அவரே பேசிக்கொள்வார்.