பொய் சொன்ன இடத்துக்கே திரும்பிப் போனேன்

"ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். ஒவ்வொரு முறையும் அழுது மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. உண்மையில் நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரரே. அது என்ன பாவம் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். பொய்.

வீட்டை விட்டுக் கிளம்பாமலேயே "வந்துகொண்டே இருக்கிறேன்" என்பேன். படிக்காத செய்தியைப் படித்துவிட்டதாகச் சொல்வேன். அலுவலகத்தில் வேலை முடிந்ததா என்று கேட்டால் "முடிந்துவிட்டது" என்று வாய் முந்திக்கொள்ளும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முடிப்பேன். இவற்றையெல்லாம்விட மோசமானது ஒன்று உண்டு. தனக்காக ஜெபிக்கச் சொன்ன ஒருவர் சில வாரங்கள் கழித்து எதிரே வந்தபோது, "தினமும் உங்களை நினைத்து ஜெபிக்கிறேன்" என்றேன். ஒருநாள்கூட ஜெபித்திருக்கவில்லை. அவர் கண் கலங்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அப்போது ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

இரட்சிப்பைப் பற்றிய உங்கள் பயத்துக்கு முதலில் வருகிறேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டது ஆபிரகாமின் கதை. ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில், எகிப்தில், மனைவி சாராளைத் தன் சகோதரி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். 15-ஆம் அதிகாரத்தில் கர்த்தரை விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று வாசிக்கிறோம். 20-ஆம் அதிகாரத்தில், கேராரில், அதே பொய்யை மறுபடியும் சொல்கிறார். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. அப்படியானால் இந்த இரண்டு பொய்களுக்கும் இடையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாவது இருக்க வேண்டும். கேராரின் ராஜாவான அபிமெலேக்கு கேட்டபோது அவரே ஒப்புக்கொள்கிறார்: நாங்கள் போகும் இடமெல்லாம் அப்படிச் சொல்ல வேண்டும் என்று மனைவியிடம் முன்னமே பேசி வைத்திருந்தேன் என்று. அதாவது அது ஒருநாள் தவறி விழுந்த வீழ்ச்சி கிடையாது, அவருடைய வழக்கமே அதுதான். விசுவாசிகளின் தகப்பனுக்கே இப்படி ஒரு வழக்கம் இருந்தது. தேவன் அவரைக் கைவிடவில்லை. ஆனால் அந்தப் பொய்யைக் கண்டும் காணாமல் விட்டுவிடவும் இல்லை. ஒரு புறஜாதி ராஜாவின் வாயால் அவரைக் கடிந்துகொள்ள வைத்தார்.

"தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்ற 1 யோவான் 3:9 உங்களை வாட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அதே யோவான்தான், "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் உள்ள கிரேக்க வினை நிகழ்காலத்தில் இருப்பதால், பாவத்தையே தன் வாழ்க்கைமுறையாக ஏற்றுக்கொண்டு அதில் தொடர்வதைத்தான் அது சொல்கிறது என்று பல விளக்கவுரையாளர்கள் எழுதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. விழுந்ததற்காக நீங்கள் இப்படித் துடிக்கிறீர்களே, மரித்துப்போன மனசாட்சி அப்படித் துடிக்காது.

ஆனால் அழுகையோடு நின்றுவிடாதீர்கள். நான் பல வருடங்கள் அங்கேதான் நின்றேன். இரவில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இந்தப் பொய் நாவை என்னை விட்டு எடுத்துப்போடும்" என்று கேட்பேன். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9-ஐச் சொல்வேன், மனம் லேசாகும், தூங்கிவிடுவேன். நான் ஏமாற்றிய ஆளுக்கோ எதுவும் தெரியாது. என் பெயருக்கும் ஒரு கீறல் விழாது. ஆதி சபையின் பெரிய போதகரான அகஸ்டின், இளவயதில் "எனக்குக் கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம்" என்று ஜெபித்ததாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் விடுதலை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் நல்ல பெயரை மட்டும் தொடாத விடுதலையாக அது இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

ஒருநாள் அது உடைந்தது. அலுவலகக் கோப்பு ஒன்றை நான்தான் எங்கோ மாற்றி வைத்துவிட்டேன். கேட்டபோது, "என்னிடம் வரவே இல்லை" என்றேன். பழி என் பக்கத்து மேசைக்காரர் மேல் விழுந்தது. அன்றிரவு வழக்கம்போல அறிக்கை செய்ய வேதத்தைத் திறந்தேன். நீதிமொழிகள் 28:13: "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்." எத்தனையோ முறை வாசித்த வசனம். அன்று முதல் பாதியைத் தாண்ட முடியவில்லை. தேவனிடம் சொல்வதையே, மனிதரிடமிருந்து மறைக்கும் திரையாக இத்தனை காலம் வைத்திருந்தேன் என்று புரிந்தது.

மறுநாள் காலை, பழி சுமந்த அந்தச் சக ஊழியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு நிமிடம்" என்றார். அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். உள்ளங்கை வியர்த்து, கையிலிருந்த காகிதம் ஓரத்தில் நனைந்து சுருண்டுவிட்டது. அதற்குள் ஒரு புதுப்பொய் தயாராக நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது: "ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன்." ஆதியாகமம் 4-இல் கர்த்தர் காயீனிடம் பாவம் வாசற்படியில் படுத்திருக்கும் என்று சொன்னாரே, அதை அன்று கண்ணால் பார்த்ததுபோல் இருந்தது. அவர் நிமிர்ந்தார். "கோப்பு என்னிடம்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன்" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் மேலதிகாரியிடமும் போய்ச் சொன்னேன். அவர் பலநாள் என்னை நம்பவில்லை. அது நியாயம்தான்.

அன்று முதல் எனக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பொய் சொன்னால், அன்று சூரியன் மறைவதற்குள் அந்த ஆளிடமே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் மாதம் அவமானத்தில் செத்துப் பிழைத்தேன். ஆனால் மெல்ல ஒன்று நடந்தது. பொய் வாய்க்கு வரும்போதே அந்த மேசையும் அந்த ஒரு நிமிடமும் கண்முன் வந்து நிற்கும். என் பொய்க்கு வேர் எது என்பதும் அப்போதுதான் தெரிந்தது: பயம். யாராவது என்னைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். "மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும்" என்கிறது நீதிமொழிகள் 29:25. ஆபிரகாமும் பயந்துதான் பொய் சொன்னார். பயந்த முகங்களுக்கு எதிரிலேயே போய் உண்மையைச் சொல்லச் சொல்ல, அந்தப் பயத்தின் பிடி தளர்ந்தது.

தனியாக இதைச் செய்திருக்க முடியாது. எங்கள் சபையில் ஒரு அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வது இதைத்தானே. அவர் பிரசங்கம் பண்ணவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வாரம் யாரிடம்?" சில வாரங்களில் மூன்று பெயர் சொல்வேன். "திரும்பிப் போனாயா?" என்பார். அவ்வளவுதான். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்.

உங்கள் பாவம் வேறாக இருந்தால் வழியும் வேறாக இருக்கும். இச்சை சார்ந்ததாக இருந்தால், விழுந்த இடத்துக்குத் தயவுசெய்து திரும்பிப் போகாதீர்கள். எஜமானின் மனைவி இச்சையோடு பிடித்து இழுத்தபோது யோசேப்பு தன் வஸ்திரத்தைக்கூட விட்டுவிட்டு ஓடினான். அங்கே ஓடுவதுதான் கீழ்ப்படிதல். தனிமையில் கைபேசி உங்களை விழவைக்கிறதென்றால், இரவில் அது வேறு அறையில் இருக்கட்டும். குடிப்பழக்கம் என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிகிச்சைக்குப் போவதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லப்போகும் உண்மை இன்னொருவரை நொறுக்கிவிடும் என்றால், முதலில் பக்குவமுள்ள ஒரு போதகரிடம் பேசுங்கள்.

இதெல்லாம் சொந்தப் பலத்தால் சம்பாதிக்கும் நீதியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அந்த அக்காவிடம் கேட்டேன். அவர் பிலிப்பியர் 2:13-ஐ வாசிக்கச் சொன்னார். விருப்பத்தையும் செய்கையையும் நம்மில் உண்டாக்குகிறவர் தேவனே என்று அங்கே இருக்கிறது. விருப்பம் தானாக வரட்டும், அப்புறம் கீழ்ப்படியலாம் என்று நான் காத்திருந்தேன். ஆனால் அன்று காலை அந்த மேசையை நோக்கி நடந்தபோது விருப்பம் துளியும் இல்லை. கால்கள் மட்டும் நடந்தன. அந்த நடையே கிருபைதான் என்பது பின்னால்தான் புரிந்தது.

முழுதும் விட்டுவிட்டேனா? இல்லை. போன வாரம் ஒரு தோழி தொலைபேசியில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். "பாதி வழி வந்துவிட்டேன்" என்றேன். இணைப்பைத் துண்டித்தபோது நான் வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன். பிறகு மறுபடி அழைத்தேன். "மன்னித்துவிடு. நான் இன்னும் கிளம்பவே இல்லை. வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும்." அவள் சற்று நேரம் பேசவில்லை. "சரி, மெதுவாக வா" என்றாள்.