இறை என்றால் வரியும்தான்

கேள்வி: குறிஞ்சிக்குச் சேயோன், முல்லைக்கு மாயோன், நெய்தலுக்கு வருணன் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. மண்தான் மொழியையும் மதத்தையும் உண்டாக்குகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? நடுவில் ஏன் சமூகத்தை இழுக்கிறீர்கள்?

பதில்: மூன்று நிலத்தைச் சொன்னீர்கள், மருதம் எங்கே? ‘வேந்தன் மேய தீம்புனல் உலகமும்’ என்கிறது அதே நூற்பா. அது இந்திரன் என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். சரி, இந்திரனாகவே இருக்கட்டும்; பெயர் வேந்தன்தானே? தண்ணீர் நின்று நெல் விளைந்த இடத்தில் உண்டதுபோக மிஞ்சியது. மிஞ்சியதை வாங்கிக்கொள்ள அரசன் வந்தான். அவன் பட்டமே சாமிக்கும் போயிற்று என்பது என் கணக்கு. வயலுக்கு ‘வேந்தன்’ என்று பெயர் வைக்கத் தெரியாது.

மண்ணுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாங்குடி கிழார் பாடிய புறநானூறு 335ஐ எடுத்துப் பாருங்கள். வரகு, தினை, கொள்ளு, அவரை, இந்த நான்கை விட்டால் உணவில்லை என்கிறார். எல்லாம் புன்செய்ப் பயிர். கடைசியில், பகைவர்முன் நின்று யானையை வீழ்த்தி மாண்டவனின் கல்லைத்தான் வணங்குவோம், ‘நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே’ என்று முடிக்கிறார். வரகு தின்கிற ஊரில் நெல் தூவும் சாமிக்கு என்ன வேலை? இதுவரை உங்கள் கட்சிதான். ஆனால் அந்தக் கல் மழைக்கு நட்டதல்ல, மலைக்கும் அல்ல. சண்டையில் செத்த ஆளுக்கு நட்டது.

மாடு என்றால் செல்வம்; ‘மாடல்ல மற்றை யவை’ பள்ளியில் படித்ததுதான். ரிக் வேதத்தில் ‘கவிஷ்டி’ என்றால் பசுவை நாடுவது, வழக்கில் போர். புல்வெளி தந்த சொல் என்பீர்கள். புல் இருந்தால் மாடு மேயும், அவ்வளவுதான். அடுத்தவன் மாட்டை ஓட்டி வருவது வீரம், அதற்கு வெட்சிப் பூ சூட வேண்டும் என்றெல்லாம் ஏற்பாடு செய்தது மனிதர்கள்.

அப்புறம் ‘இறை’. அரசனும் இறை, கடவுளும் இறை, அரசன் வாங்கும் வரியும் இறை. குறளின் முதல் அதிகாரத்தில் ‘இறைவன்’ கடவுள். 39ஆம் அதிகாரமான இறைமாட்சியில் இறை அரசன். சோழர் கல்வெட்டில், கோயிலுக்கு வரியில்லாமல் விட்ட நிலத்துக்கு ‘இறையிலி’ என்று பெயர். கடவுளுக்கே கொடுத்த நிலம், இறை இல்லாத நிலம்! இந்தச் சொல்லுக்கு எந்தத் திணையின் மழையும் வெயிலும் காரணம் என்று கண்டுபிடித்து எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.