பிரட்டு எடுக்க வந்த செயலி என் போன் முழுவதையும் பார்க்கலாமா?

கேள்வி: வழக்கறிஞர் சார், நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உரம் போடுவது, உதிரிப்பழம் பொறுக்குவது என்று வேலை செய்கிறேன். முன்பெல்லாம் காலைப் பிரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும்போது, மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிட்டு செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எழுதிக்கொள்வார். இந்த வருடத்திலிருந்து எங்கள் சொந்தப் போனில் ஒரு செயலியைப் போடச் சொல்லி, அதில் முகத்தைக் காட்டினால்தான் அன்றைக்குப் பேர் விழும் என்கிறார்கள். போடும்போது அது கேமரா, இருப்பிடம், போனில் உள்ள நம்பர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டது. "எல்லாத்துக்கும் அலாவ் கொடுங்க" என்றார் கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்), கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க ஈப்போ போய் வந்தேன். மறுநாள் மண்டோர், "என்னக்கா, நேத்து ஈப்போல சுத்திக்கிட்டு இருந்தீங்க போல" என்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. செயலியை அழித்துவிட்டால் வேலை போய்விடுமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அக்கா, செயலியை இன்றைக்கே அழித்துவிடாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் பிரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கெடுக்க முதலாளிக்கு உரிமை உண்டு, அதைத் தாளில் எடுப்பதா செயலியில் எடுப்பதா என்பதும் பெரும்பாலும் அவர் முடிவுதான். நீங்களாக அழித்துவிட்டு நாலு நாள் பேர் விழாமல் போனால், வேலைக்கு வரவில்லை, உத்தரவை மீறினார் என்று உங்கள் மேல் கடிதம் போட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அதே சமயம் அந்த உரிமை ஆள் கணக்கோடு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள், உங்கள் போனில் யார் யார் நம்பர் கிடக்கிறது, இதெல்லாம் ஆள் கணக்குக்கு எதற்கு?

முதலில் போனைக் கையில் எடுங்கள். செட்டிங்ஸ் உள்ளே போய், ஆப்ஸ் பட்டியலில் அந்தச் செயலியைத் தொட்டு, பெர்மிஷன் என்ற இடத்தைத் திறங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகளுக்கு அனுப்பி வையுங்கள், இது நமக்குச் சாட்சி. இருப்பிடத்துக்கு "எப்போதும்" என்று இருந்தால், உங்களுக்குத் தெரியாமல் நாள் முழுக்க அது உங்களைப் பின்தொடர முடியும் என்று அர்த்தம். அதை "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். நம்பர்களுக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிடுங்கள், கேமராவை மட்டும் விட்டுவையுங்கள், பிரட்டுக்கு அது தேவைப்படும். உங்கள் போன் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் பிரைவசி டேஷ்போர்டு என்று ஒன்று இருக்கும், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு இருப்பிடத்தைப் பார்த்தது என்று அது வரிசையாகக் காட்டும். மாற்றுவதற்கு முன்பே அதையும் படம் எடுத்துவிட வேண்டும். ஒரு லீவு நாள் சாயங்காலம் எடுத்தால் இன்னும் நல்லது, மண்டோர் சொன்னதை நீங்கள் நிரூபிக்கப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அனுமதியைக் குறைத்த பிறகு செயலி திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் அதையும் படம் எடுத்துக்கொண்டு, அன்று காலை நேராகக் கிராணியிடம் போய்ப் பேரைக் கையால் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.

மண்டோர் சொன்னதை இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தை, யார் காதில் விழுந்தது என்று. ஈப்போவில் உங்களை வேறு யாராவது பார்த்து அவரிடம் சொல்லியிருக்கவும் கூடும், அதனால் எடுத்தவுடன் அவர்மேல் குற்றம் சாட்ட வேண்டாம்.

இனி சட்டம். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பி.டி.பி.ஏ. என்பார்கள், 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. எதற்காகத் தகவல் எடுக்கிறார்களோ அதற்குத் தேவையான அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அதன் 6-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய ஆயுதம் அதுதான். அப்புறம், 2024-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். முகம், கைரேகை போன்ற உடல் அடையாளப் பதிவுகள் 2025 ஏப்ரல் 1 முதல் மிகுந்த பாதுகாப்புக்குரிய தரவுகளோடு சேர்ந்துவிட்டன. அவற்றை எடுக்க வெளிப்படையான சம்மதம் வேண்டும், இல்லையென்றால் வேலை தொடர்பாகச் சட்டம் முதலாளிமேல் சுமத்திய ஒரு கடமைக்கு அது அவசியம் என்று காட்ட வேண்டும். பி.டி.பி.ஏ. வியாபாரப் பரிவர்த்தனைக்கு மட்டும்தான், தொழிலாளிக்குப் பொருந்தாது என்று தோட்டத் தரப்பில் யாராவது சொல்லலாம். அதை நான் ஏற்கமாட்டேன், வேலை தொடர்பான தரவைப் பற்றி அந்தச் சட்டத்தின் 40-ஆவது பிரிவே பேசுகிறது. சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளை மீறினால் முன்பு 3 லட்சம் ரிங்கிட் வரை இருந்த அபராதம் இப்போது 10 லட்சம் வரை, சிறை 3 ஆண்டு வரை. செயலியைச் செய்து கொடுத்த கம்பெனியும் "நாங்கள் வெறும் கணினி ஆட்கள்" என்று ஒதுங்க முடியாது, தரவைப் பத்திரமாக வைக்கும் கடமை இப்போது நேரடியாக அவர்கள் தலையிலும் இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட அந்த ஆங்கிலத் தாளை நினைத்துப் பயப்பட வேண்டாம். என்ன தகவல் எடுக்கிறோம், எதற்கு, யாருக்குக் கொடுப்போம் என்று சொல்லும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் நீட்டி, இங்கே போடுங்கள் என்று விரலால் காட்டி வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு முழுச் சம்மதம் வாங்கிவிட்டோம் என்று நிரூபிப்பது அவர்களுக்குச் சுலபமில்லை. உண்மையாகவே சம்மதித்திருந்தாலும் 38-ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் அதைத் திரும்பப் பெறலாம். முழுச் சம்மதத்தையும் திரும்பப் பெற வேண்டாம், போன் நம்பர்களுக்கும் வேலை நேரத்துக்கு வெளியே உள்ள இருப்பிடத்துக்கும் கொடுத்ததை மட்டும் திரும்பப் பெறுங்கள், அப்போதுதான் உங்களை "ஒத்துழைக்காதவர்" என்று யாரும் சொல்ல முடியாது.

தோட்ட மேனேஜருக்கு மலாயில் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். பிரட்டுக்கு முகம் காட்ட மறுக்கவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குக் கீழே, இன்றுவரை என் பேரில் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்பதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள், அது 30-ஆவது பிரிவு உங்களுக்குக் கொடுத்த உரிமை, 21 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். கட்டணமாகச் சாதாரணத் தரவுக்கு 10 ரிங்கிட்டுக்கு மேலும், முகப்பதிவு போன்றவற்றுக்கு 30 ரிங்கிட்டுக்கு மேலும் வாங்க முடியாது. முகப்பதிவு எங்கே இருக்கிறது, வேலையை விட்டு நின்ற பிறகு எப்போது அழிப்பீர்கள், என் இருப்பிடத்தை ஆபீசில் யார் யார் பார்க்கலாம், இதையும் கேளுங்கள். மண்டோர் கையில் அந்தத் திரை இருக்கிறதா என்பது இந்தக் கடைசிக் கேள்வியில் தெரிந்துவிடும். கடிதத்தின் நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உள்ள மற்றவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் பலம், ஒருத்தியாகப் போனால் ஒருத்தியைத்தான் குறிவைப்பார்கள்.

முகப்பதிவு விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளியே தெரிய வந்தது. நம்பர் போனால் வேறு நம்பர் வாங்கிக்கொள்ளலாம், முகம் போனால் என்ன செய்வது? தரவு கசிந்து பெரிய பாதிப்பு வரும் என்றால் கம்பெனி 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், அதற்குப் பின் 7 நாளுக்குள் உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று 2025 ஜூன் முதல் விதி வந்திருக்கிறது.

இன்னொன்று. சில தோட்டங்களில் போனைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, பழைய படத்தைக் காட்டிப் பேர் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். தயவு செய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அது மோசடி, உள்விசாரணை வைத்தே உங்களை நிறுத்திவிடலாம், அப்புறம் தனியுரிமை என்று நான் வாதாட வாயைத் திறக்கவே முடியாது.

21 நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் புத்ராஜெயாவில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் எழுத்தில் புகார் செய்யலாம், கடிதத்தையும் படங்களையும் கூடவே வையுங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தச் சட்டத்தில் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், உங்களுக்கு நஷ்டஈடு என்று தனியாக எதுவும் கிடைக்காது. இது பெரிய குறை, திருத்தம் கொண்டு வந்தபோதே சரி செய்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் வேலைக்கு வந்தும் செயலி பேர் போடாமல் சம்பளம் குறைந்தால் அது வேறு கதை, நேராகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் அந்தச் சம்பளத்தைக் கேட்டு வாங்கலாம். அதற்காகவே தினமும் எந்தப் பத்தியில் (மர வரிசையில்) என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர் என்றால் சங்கத் தலைவரிடம் கடிதத்தின் நகலைக் கொடுங்கள்.

வேலை போகுமா என்று கேட்டீர்கள். இந்தக் கடிதத்துக்காக யாராவது உங்களை நிறுத்தினால், நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தினார்கள் என்று 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் முறையிட்டு வேலையைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும், 61-ஆவது நாள் போனால் கதவு மூடியிருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, தாள்களை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.