அழித்த எண்ணும் அழியாதிருக்க: கணனி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளரின் வேலையும் சம்பளமும் பதியும் ஏடு) இப்போது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. காலையில் 18 கிலோ என்று பதிந்த கொழுந்து மாலையில் 15 ஆகியிருந்தால், யார் மாற்றினார் என்று காட்ட வழியில்லை. கடைசியாகத் திருத்திய நேரம் மட்டும் தெரிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஹட்டன்

பதில்: தாளில் எழுதும் காலத்தில் பிழையான எண்ணைக் கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் வைப்பார்கள். கோட்டுக்கு அடியில் பழைய எண்ணை வாசிக்கலாம். அப்டேட் கட்டளையோ பழைய எண்ணைத் துடைத்தே விடுகிறது. அந்தக் கோட்டை நீங்கள்தான் தரவுத்தளத்துக்குள் போட வேண்டும்.

நிறை டேபிளுக்குத் துணையாக ஒரு வரலாற்று டேபிள் அமையுங்கள். மூல வரியின் இலக்கம், பதிப்பு எண், செயல் (புதிது, திருத்தம், நீக்கம்), பழைய பெறுமதி, புதிய பெறுமதி, செய்தவர், நேரம், காரணம் ஆகியவை அதில் இருக்கட்டும். இன்சர்ட், அப்டேட், டிலீட் மூன்றுக்கும் ஒவ்வொரு ட்ரிகர் (தரவு மாறும்போது தரவுத்தளம் தானாக ஓட்டும் சிறு நிரல்) எழுதி அதை நிரப்புங்கள். செயலியின் நிரலில் எழுதினால் போதாது. யாராவது பிஎச்பிமைஅட்மின் போன்ற தரவுத்தள மேலாண்மைக் கருவியைத் திறந்து நேரடியாக மாற்றினால் செயலிக்கு அது தெரியவே வராது. ட்ரிகர் அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக முடியும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் வேலைத் தொகுதிக்குள்) ஓடுவதால், நடுவில் மின்சாரம் போனாலும் திருத்தமும் வரலாறும் ஒன்றாக நிற்கும், அல்லது ஒன்றாகப் போகும். டேபிள் இன்னோடிபி வகையாக இருக்க வேண்டும். மைஐசாம் என்ற மற்ற வகையில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

பலரும் தடுக்கி விழுவது ‘செய்தவர்’ என்ற இடத்தில்தான். செயலி எல்லோருக்காகவும் ஒரே தரவுத்தளக் கணக்கில் நுழைவதால், வரலாறு முழுக்க அந்த ஒரே பெயர் விழும். உள்நுழைந்தவரின் இலக்கத்தை ஒரு செஷன் மாறியில் (அந்த இணைப்பு இருக்கும்வரை நிற்கும் மாறியில்) வைத்து, ட்ரிகர் அதை வாசிக்கட்டும். மாறி வெறுமையாக இருந்தால் சிக்னல் கட்டளையால் மாற்றத்தையே மறுக்கட்டும். இணைப்புகளைப் பொதுவில் வைத்து மீண்டும் பயன்படுத்தும் செயலியானால், ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் மாறியைப் புதிதாக இடுங்கள். இல்லாவிட்டால் முந்தியவர் பெயரில் அடுத்தவர் திருத்தம் பதியும். ஒரு கிளார்க்கின் மீது வீண்பழி விழ அது போதும்.

பழையதும் புதியதும் வேறா என்று பார்க்கச் சாதாரண ‘சமமில்லை’ குறியைப் பாவிக்காதீர்கள். ஒரு பக்கம் ‘நல்’ (NULL, பெறுமதியே இல்லாத நிலை) என்றால் விடை உண்மையாக வராது, வெறுமையிலிருந்து 15 ஆன திருத்தம் பதியாமல் தப்பிவிடும். நல்லையும் ஒப்பிடும் <=> குறியை எழுதி, அதன் முன் ‘நொட்’ சேருங்கள். டேபிளை முழுதாக வெறுமையாக்கும் ட்ரன்கேட் கட்டளைக்கு டிலீட் ட்ரிகர் ஓடாது என்பதால், அதற்குத் தேவையான டிராப் உரிமையைச் செயலியின் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் 8இல் ஃபொரின் கீ கஸ்கேடால் (ஒரு டேபிளின் வரியை நீக்கும்போது அதோடு இணைந்த வேறு டேபிளின் வரிகளும் தானாக நீங்குவதால்) நீங்கும் வரிகளுக்கும் ட்ரிகர் ஓடாது. ட்ரிகர் தன்னை உருவாக்கியவரின் உரிமையில் இயங்குவதால், வரலாற்று டேபிளில் செயலிக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும்.

காரணத்தைத் தட்டச்சிட விட்டால் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார்கள். ‘தராசுப் பிழை’, ‘ஆள் மாறிப் பதிந்தது’, ‘தண்ணீருக்குக் கழித்தது’ என்று தெரிவுகள் கொடுங்கள். 3 கிலோ குறைந்தது ஏன் என்று கேட்கும் தொழிலாளிக்குக் காட்ட வேண்டிய பதில் அது, அவருடைய சம்பளம்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைத் தொழிலாளியை அடையாளம் காட்டும் மூல இலக்கமாக வைக்க வேண்டாம். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையை மாற்றி 12 இலக்க அட்டை எடுத்தவரின் வரலாறு இரண்டாகப் பிரிந்துவிடும்.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். 400 பேர், 300 நாள் என்றால் வருடத்துக்கு 1,20,000 பதிவுகள். ஒவ்வொன்றும் புதிதாகப் பதிந்து இருமுறை திருத்தப்பட்டு மூன்று வரலாற்று வரிகளாகி, ஒரு வரி 500 பைட் என்றாலும், மொத்தம் சுமார் 180 மெகாபைட்தான்.

கேள்வி: சங்கத்தின் யாப்பை இருவர் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினோம். பிந்திச் சேமித்தவருடையது மட்டுமே மிஞ்சியது.
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஆவணத்தின் வரியிலேயே பதிப்பு எண் ஒன்று வையுங்கள். சேமிக்கும்போது ‘இலக்கம் 42, பதிப்பு 6 ஆக இருந்தால் மட்டும் மாற்று, பதிப்பை 7 ஆக்கு’ என்று நிபந்தனை போடுங்கள். மாறிய வரிகள் 0 என்று வந்தால், இடையில் வேறொருவர் சேமித்துவிட்டார். அப்போது செயலி தானாக மீண்டும் முயலக் கூடாது. பதிப்பு 6, மற்றவர் சேமித்தது, நீங்கள் எழுதியது மூன்றையும் காட்டி உங்களையே தீர்மானிக்கச் சொல்ல வேண்டும். பழைய பதிப்பு 3 தேவையென்றால் 4 முதல் 7 வரை அழிக்காமல், 3இன் நகலைப் பதிப்பு 8 ஆகச் சேருங்கள்.

கேள்வி: பாடசாலைப் பதிவேட்டை போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். மாணவர் பெயர் மாறியதாக வரலாறு காட்டுகிறது. பார்த்தால் ஓர் எழுத்தும் மாறவில்லை.
– வாசகர், நுவரெலியா

பதில்: கண்ணுக்கு ஒன்று, கணனிக்கு இரண்டு. ‘கோ’வின் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் 13ஆம் பதிப்பு முதல் உள்ள நோர்மலைஸ் செயற்கூற்றை ‘பிஃபோர்’ (சேமிப்பதற்கு முன் ஓடும்) ட்ரிகரில் வைத்து, எல்லாவற்றையும் என்எஃப்சி (குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். ஓரத்து வெற்றிடங்களையும் அங்கேயே வெட்டுங்கள்.

‘கௌரி’யை ஒற்றைச் சுழிக் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டு எழுதியிருந்தால் என்எஃப்சி திருத்தாது. அப்படிப்பட்ட பெயர்களைத் தேடி எடுத்து, பிறப்புச் சான்றிதழோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகி அலைந்தவர்கள் மலையகத்தில் ஏராளம். இந்த வேலையில் அவசரம் வேண்டாம்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி தரவுத்தளத்தில் வரலாறு தானாகவே வரும் என்கிறார்களே, அதையே பாவிக்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தாராளமாக. 10.3 முதல் ‘சிஸ்டம் வேர்ஷனிங்’ வசதி உண்டு. ஒரு நாளைச் சொல்லி, அன்றைய நிலையைக் கேட்கலாம். ஆனால் அது எப்போது என்று மட்டுமே சொல்லும். யார், ஏன் என்பதற்கு அதே டேபிளில் இரண்டு நெடுவரிசைகள் சேருங்கள். நீக்குவதற்கு முன் அவற்றை நிரப்பி ஒரு அப்டேட் செய்யுங்கள். பக்கப் எடுக்கும்போது கவனம்: வழக்கமான டம்ப் (தரவுத்தளத்தைக் கோப்பாக எடுக்கும் கட்டளை) இப்போதைய வரிகளை மட்டுமே எடுக்கும். 10.11இலிருந்து ‘டம்ப் ஹிஸ்ட்ரி’ தெரிவைச் சேர்த்தால்தான் வரலாறும் வரும். எடுத்த பக்கப்பை இன்னொரு கணனியில் ஏற்றி, போன மாதத்து ஒரு திகதியின் நிலை கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.