அறிவியல் புனைகதை அனிமே படங்களில் யாருடைய முகங்கள்? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஜப்பானிய அனிமேஷன் படங்களான அனிமேயில் வரும் பாத்திரங்கள் ஏன் வெள்ளைக்காரர்கள் மாதிரியே இருக்கிறார்கள்?

நமக்கு அப்படித் தெரிகிறது. ஜப்பானியர் கண்ணுக்கு அவர்கள் ஜப்பானியர்கள்தான். எந்த நாட்டுச் சாயலும் ஒட்டாத இந்த வரைபாணியை 'முகொகுசெகி' என்பார்கள். நாடற்றது என்று பொருள். ஆனால் ஒரு கறுப்பரோ இந்தியரோ வந்துவிட்டால் மட்டும் நாடு உடனே முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் கவனிப்பது அந்த இடத்தைத்தான்.

கேள்வி: நம்மைப் போன்ற ஒருவர் எந்தப் படத்திலாவது வருகிறாரா?

வருகிறார், லாலா சூன். 'குண்டம்' (Gundam) என்ற விண்வெளிப் போர் அனிமே வரிசையில் 1982-ல் வந்த மூன்றாம் படத்தைப் பாருங்கள். மாநிறம், நெற்றியில் பொட்டு. ஏரிக்கரை வீடொன்றில் உட்கார்ந்திருக்கிறாள். நாயகன் ஆமுரோ மழைக்கு ஒதுங்க அங்கே வருகிறான். அவளோ ஏரியில் விழுந்து சாகும் அன்னத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விண்வெளிப் போர்க் கதைக்குள் அந்தப் பொட்டைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்? ஆமுரோவின் எதிரியான ஷாரைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து, ஆமுரோவின் கையால் சாகிறாள். 1988-ல் வந்த 'ஷாரின் எதிர்த்தாக்குதல்' படத்திலும் அந்த இருவரின் நினைவில் வந்துபோகிறாள். அவர்களுடைய பகைக்கு அவளும் ஒரு காரணம். அவள் எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், அவளுக்கு என்ன ஆசை? எதையும் அந்தப் படங்கள் கேட்பதில்லை. எதிரில் இருப்பவரின் மனத்தைப் படிக்கும் மர்மப் பெண்ணாகவே வாழ்ந்து முடிகிறாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் இது இன்னும் வலிக்கிறது.

கேள்வி: பெண்களை நன்றாகக் காட்டிய படம் ஒன்று சொல்லுங்கள்.

சதோஷி கோன் இயக்கிய 'பாப்ரிகா', 2006. நாயகி சிபா அட்சுகோ ஒரு விஞ்ஞானி. கதையை நகர்த்துவது பெரும்பாலும் அவள் எடுக்கும் முடிவுகள்தான்.

கேள்வி: 2017-ல் ஹாலிவுட் எடுத்த 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தில் வெள்ளைக்கார நடிகை ஸ்கார்லெட் ஜோஹான்சன் நாயகியாக நடித்ததற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு? நாயகியின் உடம்பே இயந்திரம்தானே?

இதே பெயரில் 1995-ல் வந்த மூல அனிமேயை இயக்கிய மமோரு ஒஷியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். ஜப்பானிலும் பலருக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர்கள் ஊர்ப் படங்களில் நாயகியாக ஜப்பானியப் பெண் வருவது அன்றாடம் நடப்பது. அமெரிக்காவில் இருக்கும் ஆசிய நடிகைக்கோ அப்படி ஒரு வேடம் எப்போதாவதுதான் வாய்க்கும். அதுவும் கைநழுவிப் போனால் கோபம் வராதா? நான் அந்த நடிகைகள் பக்கம்தான்.

கதையைக் கவனித்தால் இன்னும் உறுத்தும். மீரா என்று அழைக்கப்படும் நாயகி உண்மையில் மோடோகோ என்ற ஜப்பானியப் பெண் என்று கடைசியில் தெரிகிறது. அவளுடைய மூளையை எடுத்து வெள்ளைக்காரி உருவத்துக்குள் வைத்துவிட்டார்கள். அவளுக்குச் செய்த அநியாயம் இதுதான் என்று படமே காட்டுகிறது. அதே வேலையை நடிகர் தேர்விலும் செய்துவிட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் 1995 படத்தைப் பார்க்கலாமா?

கட்டாயம் பாருங்கள். நடுவில் வசனமே இல்லாமல் சில நிமிடங்கள் வரும். ஹாங்காங்கைப் பார்த்து வரைந்த நகரம், மழை, கால்வாயில் படகு. அந்தப் படத்தின் நாயகி மோடோகோ நிமிர்ந்து பார்க்கிறாள். மேலே ஒரு கட்டடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய அதே முகத்தோடு இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.