ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

படித்து, இருவரும் சம்பாதிக்கும் வீடுகளில் இன்னும் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா, அதைக் காட்டிய நாடகம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணம் நிச்சயமாகி, 'எங்கள் வீட்டில் அப்படி இருக்காது' என்ற நம்பிக்கையோடு கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படி நம்பியவள்தான்.

சென்னையில் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் போட்டோம். 1879-ல் கோபன்ஹேகனில் முதலில் மேடையேறிய நாடகம். நோரா வேடம் எனக்கு. கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாத காலத்தில், அவன் உடம்பு தேறுவதற்காக அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியவள் நோரா. அதை அம்பலப்படுத்தும் கடிதம் வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கும். சாவி கணவன் ஹெல்மரிடம் மட்டும். பூட்டில் அவளுடைய கொண்டை ஊசி உடைந்து கிடப்பதைப் பார்த்து அவன் கேட்டதும், குழந்தைகள் செய்த வேலையாக இருக்கும் என்று பொய் சொல்வாள்.

பழைய பிஸ்கட் டின்னில் எங்கள் வீட்டு மோட்டார் ரூம் பூட்டை மாட்டி அந்தப் பெட்டியைச் செய்தோம். ஆனால் நோரா சொல்லும் அந்தப் பொய், அந்த ஒரு வசனம் மட்டும் எனக்கு வரவே இல்லை.

ஒரு நாள் அரங்கத்துக்கு முன்பணம் 5,000 ரூபாய் கட்டப் போனேன். கார்டு என்னுடையது, சம்பளம் என்னுடையது. ஆனால் 2011-ல் கணக்கு திறந்தபோது படிவத்தை நிரப்பியவர் கணவர்; கொடுத்த போன் எண் அவருடையது. அதனால் ஜிபேகூட என் போனில் கிடையாது. ஓடிபி அவருக்குப் போனது. மீட்டிங்கில் இருந்தார். பத்து நிமிஷம் கழித்து, "எதுக்கும்மா இவ்வளவு?" என்று ஒரு மெசேஜ். அதற்குள் அரங்க மேனேஜரிடம், "பேங்க் சர்வர் ஸ்லோ சார்" என்று சொல்லியிருந்தேன். அன்று மாலை ஒத்திகையில் அந்த வசனம் சரியாக வந்துவிட்டது.

ஆண்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் கணவர் நல்லவர். காய் நறுக்குவார், பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார், என் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுத்ததில்லை. 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா' என்று எழுத வருகிறவர்கள், கவுன்டரில் அந்தப் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும்.

அந்த அரங்கத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நோரா கணவனை உட்காரவைத்துப் பேசிவிட்டு வீட்டை விட்டுப் போகும் கடைசிக் காட்சிதான் நாடகத்தின் உயிர். வாடகையை முழுசாக வாங்கிக்கொண்டு, ஒன்பது மணிக்குள் முடிக்க அதைச் சுருக்கச் சொன்னார்கள். மறுத்தோம். மேடையில் அந்தக் காட்சியைப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசை நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் முடிவில் நடிக்க மாட்டேன் என்றதால், இப்சனே நோரா வீட்டிலேயே தங்கிவிடுவதாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. அது நாடகத்தின் மேல் செய்த வன்முறை என்று அவரே சொன்னார். முடிவில் கைவைக்க ஆளுக்கு ஆள் வந்துவிடுகிறார்கள்.

நாடகம் முடிந்த வாரமே வங்கிக்குப் போய் என் போன் எண்ணுக்கு மாற்றினேன். "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கணவர் கேட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது. என் கணக்கிலிருந்து கரண்ட் பில் கட்டுவது இன்னும் அவர்தான். இப்போது ஓடிபி கேட்டு அடுப்படி வரை வருகிறார்.